தோலை உரித்த பிறகும் குறையாத ரத்த அழுத்தம்: ஃப்ரைட் சிக்கன் சாப்பிட்ட ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் வருபவரின் ஒப்புதலுடன் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அளவுகள் எல்லாம் எங்கள் பதிவேட்டில் உள்ளவை. நான் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்த நிகழ்வில் முதல் ஆறு வாரம் வீணானதற்குப் பெரும்பாலும் நானே காரணம். எழுத முடிவு செய்ததும் அதனால்தான்.

பின்னணி

அவருக்கு வயது 46. ஒரு கிடங்கில் இரவுப் பணி மேற்பார்வையாளர். எடை 86.4 கிலோ, உயரம் 170 செ.மீ. ரத்த அழுத்தத்துக்கு ஐந்து மாதமாக டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5 என இரண்டு மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 150/94-இல் நின்றது. ரத்தக் கொழுப்பு வகைகளில் ட்ரைகிளிசரைடு 212, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல் 138. சிறுநீரகப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. மாத்திரையைத் தவறவிடுகிறாரா, அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டை கைக்குப் பொருந்துகிறதா, உயர் ரத்த அழுத்தத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதையெல்லாம் மருத்துவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அதன் பிறகுதான் "எடை, கொழுப்பு குறைக்க உணவு ஆலோசனை" என்று எழுதி என்னிடம் அனுப்பினார்.

அந்தச் சீட்டில் இன்னொரு வரியும் இருந்தது: "உப்பு குறைத்துவிட்டார்."

அதை நான் அப்படியே நம்பினேன். அவர் மனைவியும் கூட வந்திருந்தார். "பிரஷர்னு சொன்ன நாள்லேர்ந்து வீட்ல பாதி உப்புதான் மேடம். பசங்க கூட முகம் சுளிக்குறாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. வீட்டில் உப்பு குறைந்துதான் இருந்தது.

முதல் சந்திப்பில் தெரிந்தது

வழக்கம்போல முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதைக் கேட்டேன். பகல் உணவில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு ஒரு மணிக்கு வரும் இடைவேளையில்தான் விஷயம் இருந்தது. கிடங்குக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் திறந்திருப்பது ஒரு ஃப்ரைட் சிக்கன் கடை மட்டும். வாரத்தில் ஐந்து இரவு அங்கேதான் சாப்பாடு. எப்போதும் ஒரே பெட்டிதான் வாங்குவார்: நெஞ்சுத் துண்டு ஒன்று, தொடைத் துண்டு ஒன்று, லெக் பீஸ் ஒன்று, கூடவே வறுத்த உருளைக்கிழங்கு, இரண்டு கப் சாஸ், அரை லிட்டர் குளிர்பானம்.

கடையின் ஊட்டச்சத்து அட்டவணை அவருடைய போனிலேயே இருந்தது. நெஞ்சுத் துண்டு 390 கலோரி, தொடை 280, லெக் பீஸ் 130. ஆக மூன்று துண்டுக்கு 800 கலோரி, 48 கிராம் கொழுப்பு, 70 கிராம் புரதம். கிழங்குக்கு ஒரு 320, குளிர்பானத்துக்கு 210 சேர்த்தால், சாஸ் தவிர, பெட்டி மொத்தம் 1,330 கலோரி.

பொரித்த கோழியின் கொழுப்பு முக்கால்வாசியும் வெளியில்தான் இருக்கும். தோல் உரித்த நெஞ்சுக்கறியை வெறுமனே சமைத்தால் 100 கிராமில் 165 கலோரியும் 3.6 கிராம் கொழுப்பும்தான். அதன் மேல் தோல் இருக்கிறது, தோலுக்கு மேல் மாவு இருக்கிறது. 170, 180 டிகிரி எண்ணெயில் போட்டதும் மாவில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும். சட்டியில் சடசடவென்று கேட்பது அந்தச் சத்தம்தான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் பெரிய அளவில் உள்ளே போக முடியாது. துண்டை வெளியே எடுத்து அது ஆறத் தொடங்கும்போது ஆவி அடங்கிவிடும். காலியான துளைகள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை அப்போது இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மேற்பரப்பு அதிகமாகவும் கறி குறைவாகவும் இருக்கும் இறக்கைத் துண்டு, கிராமுக்குக் கிராம் நெஞ்சுத் துண்டைவிடக் கொழுப்பானது. பெட்டியிலேயே சின்னதாக இருப்பதால் பலரும் அதைத்தான் லேசானது என்று நினைத்து எடுப்பார்கள்.

அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சறாங்களே, அதுதானே மேடம் பிரச்சினை?" அது வேறு பிரச்சினை. எண்ணெய் பழசாக ஆகச் சிதைவுப் பொருட்கள் சேரும். அவை சுமார் 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று பல நாடுகள் விதித்திருக்கின்றன. ஆனால் அவருடைய பிரஷருக்கும் அதற்கும் நேரடி முடிச்சு போட முடியாது என்று சொல்லி மேலே போனேன்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. இரவு ஒரு மணிக்கு வேறு எதுவும் கிடைக்காத ஆளிடம் "அதைச் சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்த தடவை அவர் வரமாட்டார், அல்லது வந்து பொய் சொல்வார். அதனால் மூன்று மாற்றம் மட்டும் எழுதிக் கொடுத்தேன். குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர். கிழங்கு வேண்டாம். கோழியின் தோலையும் மேல்மாவையும் உரித்துவிட்டுக் கறியை மட்டும் சாப்பிட வேண்டும்.

கலோரி, கொழுப்பு என்று பார்த்தால் இது சரியான யோசனைதான். உரித்த நெஞ்சுத் துண்டு 390-இலிருந்து ஏறக்குறைய 180 கலோரிக்கு வந்துவிடும், புரதமும் பெரும்பாலும் தங்கிவிடும். அவருக்கும் பிடித்திருந்தது. "அப்போ அது வெறும் புரோட்டீன்தான் இல்லையா மேடம்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அந்தத் தலையாட்டலை.

அந்த அட்டவணையில் கலோரி, கொழுப்பு, புரதம் எல்லாவற்றுக்கும் அடுத்ததாக, உப்பில் இருக்கும் சோடியத்துக்கு ஒரு நிரல் இருந்தது. போனில் அது திரைக்கு வெளியே போயிருந்தது. விரலால் இடப்பக்கம் தள்ளினால் தெரிந்திருக்கும். நான் தள்ளவில்லை.

ஆறு வாரம் கழித்து

எடை 84.2 கிலோ, அதாவது 2.2 கிலோ குறைந்திருந்தார். ட்ரைகிளிசரைடு 212-இலிருந்து 168-க்கு இறங்கியிருந்தது. ரத்த அழுத்தச் சராசரி 149/94.

எடை குறைந்தும் அழுத்தம் அசையாதது மருத்துவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது மாத்திரையாகச் சிறுநீர் பிரிப்பு மருந்து ஒன்றைச் சேர்க்க நினைத்தார். அதற்கு முன் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உப்பு குறைச்சாச்சுன்னு எழுதியிருக்கோமே, யாராவது அளந்து பார்த்தோமா?"

யாரும் அளக்கவில்லை.

உட்கொள்ளும் சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில்தான் வெளியேறும். அதனால் ஒரு முழு நாள் சிறுநீரைச் சேகரித்துப் பார்த்தால், ஒருவர் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்பது அவர் வாய்வார்த்தை இல்லாமலே தெரிந்துவிடும். கேட்க எளிது, செய்யத்தான் சங்கடம். அவருடைய முதல் சேகரிப்பில் 650 மில்லிதான் இருந்தது. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவும் குறைவு, அதாவது சேகரிப்பு முழுமையில்லை. வேலை நேரத்தில் இரண்டு தடவை விட்டுப்போனதை ஒப்புக்கொண்டார். அதைத் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் வேலை நாளிலேயே திரும்பச் செய்யச் சொன்னோம். விடுமுறை நாளில் எடுத்தால் இரவுச் சாப்பாடு கணக்கில் வராது. இந்த முறை டப்பாவைத் துணிப்பையில் போட்டு வேலைக்கே எடுத்துப் போனார்.

முடிவு 190 மில்லிமோல். சோடியத்தின் அணு எடையான 23-ஆல் பெருக்கினால் 4,370 மில்லிகிராம் சோடியம். உப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட 11 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், 5 கிராம் உப்பு. வீட்டில் பாதி உப்பு போட்டும் இந்த நிலை.

அட்டவணையைத் திரும்பத் திறந்து இந்தத் தடவை இடப்பக்கம் தள்ளினேன். நெஞ்சுத் துண்டு 1,190 மில்லிகிராம், தொடை 910, லெக் பீஸ் 430. மூன்றும் சேர்ந்து 2,530. கிழங்கு, சாஸ் எதையும் சேர்க்காமலே ஒரு நாள் வரம்பு அந்த மூன்று துண்டில் தாண்டிவிட்டது.

ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தது

ஆனால் அவர்தான் தோலையும் மாவையும் உரித்துவிட்டாரே? உரித்த துண்டுக்கு அட்டவணையில் கணக்கு இல்லை. அதனால் அடுத்த சந்திப்புக்கு வரும்போது வழக்கமாக வாங்கும் துண்டுகளை வாங்கிவரச் சொன்னேன். எங்கள் சமையல் பரிசோதனை அறையில் ஒரு தராசும், சூப்பின் உப்பைச் சோதிக்க வைத்திருக்கும் ஒரு உப்பு அளவியும் உண்டு.

நெஞ்சுத் துண்டு முழுசாக 188 கிராம். அவரையே உரிக்கச் சொன்னேன். ஆறு வாரப் பழக்கம், சுத்தமாகவே உரித்தார். எலும்பு 30 கிராம், தோலும் மாவும் 46 கிராம், கறி 112 கிராம். தோல் வைத்த காகிதம் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கறி வைத்த தட்டில் எண்ணெயே தெரியவில்லை. மெல்லிய தண்ணீர்தான் கசிந்து நின்றது. அந்தத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

பத்து கிராம் கறியைத் தொண்ணூறு கிராம் காய்ச்சி வடித்த தண்ணீரில் அரைத்து அளவியை வைத்தோம். 0.12 காட்டியது. பத்து மடங்கு நீர்த்தது என்பதால் கறியில் உள்ள உப்பு 1.2 சதவீதம். அதே மாதிரி செய்ததில் தோலும் மாவும் 3.4 சதவீதம். ஒப்பிடுவதற்காக உப்பே போடாமல் வேகவைத்த கோழியையும் வைத்திருந்தோம். அது 0.2 சதவீதம். இந்தக் கருவி மின்கடத்தலை வைத்துக் கணக்கிடுவது, சாதாரண உப்பு, வேறு உப்பு என்று பிரித்துச் சொல்லாது. இதைத் துல்லியமான ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கறியில் 540 மில்லிகிராம் சோடியம், தோல் மாவில் 625. கூட்டினால் 1,165. அட்டவணை சொல்வது 1,190. இவ்வளவு நெருங்கி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உரித்தால் கொழுப்பு பெரும்பகுதி போய்விடுகிறது, உப்பு ஏறக்குறைய பாதிதான் போகிறது. காரணம், உப்பு வெளியில் தூவப்பட்டது மட்டுமல்ல. பெரிய கடைகளுக்கு வரும் கோழி பொரிப்பதற்கு முன்பே உப்புக் கரைசலில் ஊறியோ, கரைசல் ஏற்றப்பட்டோ, சுழலும் உருளையில் கரைசலுடன் புரட்டப்பட்டோ வருவது சாதாரணம். உப்பு பட்டால் தசைப் புரதம் உப்பித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் சேர்த்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் பொரித்தபின் சூடாக்கும் பெட்டியில் நெடுநேரம் இருந்தாலும் கறி வறண்டுபோவதில்லை. பல்லால் கடித்ததும் சாறு வழிகிறதே என்று மெச்சுகிறோமே, அந்தச் சாறுதான் தட்டில் கசிந்து நின்ற உப்புத் தண்ணீர். மாவில் சேரும் பேக்கிங் பவுடர், சுவைக்குப் போடும் மோனோசோடியம் குளுட்டமேட் எல்லாம் மேலும் கொஞ்சம் சோடியம் சேர்க்கும். குளுட்டமேட்டில் 12 சதவீதம்தான் சோடியம், சாதாரண உப்பில் 39. எல்லாரும் பழி போடுவது என்னவோ குளுட்டமேட்டின் மேல்தான்.

சரி, உரித்ததால் பாதியாவது குறைந்திருக்க வேண்டுமே? அப்புறம்தான் அடுத்த விஷயம் வெளியே வந்தது. மனைவிதான் சொன்னார்: "தோல் இல்லாம இவருக்குப் பசி அடங்கலைன்னு அஞ்சு பீஸ் வாங்குறாரு மேடம்."

வெறும் புரோட்டீன்தானே என்று நினைத்து அவர் மூன்று துண்டை ஐந்தாக ஆக்கியிருந்தார். நெஞ்சு இரண்டு, தொடை இரண்டு, லெக் பீஸ் ஒன்று. மொறுமொறுப்பு போனதில் கறி சப்பென்று இருந்ததால் சாஸ் கப் இரண்டு நாலாகியிருந்தது. கப் ஒன்றுக்குச் சுமார் 180 மில்லிகிராம் சோடியம். கணக்கைப் பாருங்கள். பழைய பெட்டியில் கோழி 2,530, கிழங்கு 400, இரண்டு கப் சாஸ் 360. சுமார் 3,290. புதிய பெட்டியில் உரித்த ஐந்து துண்டு ஏறக்குறைய 2,300, நாலு கப் சாஸ் 720. சுமார் 3,000. கலோரி 1,330-இலிருந்து 800 பக்கம் வந்துவிட்டது, அதனால் எடை குறைந்தது. உப்பு அப்படியே இருந்தது, அதனால் பிரஷரும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே பெட்டியின் வேலை.

அவர் எதையும் மறைக்கவில்லை. எதைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேனோ அதைக் குறைத்தார். அந்த இடத்தில் எதை வைத்தார் என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது முடிவு

மருத்துவர், அவர், அவர் மனைவி, நான் நால்வரும் உட்கார்ந்து பேசினோம். டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் உப்பு அதிகமாக உள்ளே போகும்போது சரியாக வேலை செய்யாது. அதனால் மூன்றாவது மாத்திரையை இப்போதே சேர்ப்பதைவிட, உப்பைக் குறைத்து எட்டு வாரம் பார்ப்பது என்று மருத்துவர் முடிவு செய்தார். அதுவரை தினமும் வீட்டில் அளக்க வேண்டும், 160-ஐத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

பொட்டாசியம் கலந்த உப்பு பயன்படுத்தலாமா என்று மனைவி கேட்டார். பலருக்கு அது நல்ல வழிதான். ஆனால் இவர் எடுக்கும் மாத்திரையே உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் வகை. ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம் என்று முடிவானது.

கடைக் கோழி வாரம் ஒரு இரவு. அன்றைக்கும் இரண்டு துண்டு, சாஸ் இல்லாமல். தோலோடு சாப்பிடுவதா உரித்தா என்பதை அவர் விருப்பத்துக்கே விட்டேன். வாரத்தில் ஒரு நாள் என்று ஆனபின் அதைக் கட்டுப்படுத்துவதில் எனக்கு அக்கறை இல்லை. ருசிக்கும் ஒரு இரவு இருந்தால்தான் மற்ற இரவுகள் ஓடும்.

மீதி நாலு இரவுக்கு வீட்டிலிருந்து கோழி. இங்கேயும் ஒரு கண்ணி இருந்தது. பாக்கெட்டில் வரும் பச்சைக் கோழியிலும் சிலவற்றில் உப்புக் கரைசல் ஏற்றியிருப்பார்கள். எதுவும் சேர்க்காத பச்சைக் கோழியில் 100 கிராமுக்கு 70 மில்லிகிராம் சோடியம் இயல்பாகவே இருக்கும். லேபிளில் 200-க்கு மேல் போட்டிருந்தால் கரைசல் ஏற்றியது என்று எடுத்துக்கொள்ளலாம். எலும்பில்லாத கோழி 500 கிராம், உப்பு கால் டீஸ்பூன், கூட மிளகு, பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சை, கொஞ்சம் தயிர். ஒரு இரவு ஊறவைத்து, அரிசி மாவில் புரட்டி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தடவி, 200 டிகிரி ஓவனில் மேல் பக்கம் மொறுமொறுப்பாகும்வரை வைக்க வேண்டும். உள்ளே 74 டிகிரி எட்டியதை வெப்பமானியில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இதை இரண்டு இரவுக்குப் பிரித்தால் ஒரு இரவுக்கு 475 மில்லிகிராம் சோடியம், 55 கிராம் புரதம். கடையிலிருந்து வந்த பெட்டியில் 3,000.

அதற்குப் பிறகு

முதல் பத்து நாள் அவர் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "காகிதத்தைக் கடிக்கிற மாதிரி இருக்கு மேடம்." எதிர்பார்த்ததுதான். குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரமாவது ஆகும். மனைவி உப்பை ஏற்றாமல் புளிப்பையும் காரத்தையும் ஏற்றிச் சமாளித்தார். எலுமிச்சையைக் கோழியோடு சமைக்காமல் சாப்பிடும்போது பிழிந்தால் உப்பு இருப்பதுபோலவே தோன்றுகிறது என்று கண்டுபிடித்தது அவர்தான். இப்போது நான் மற்றவர்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

எட்டாவது வாரம் எடை 83.1 கிலோ. வீட்டு அளவுகளின் சராசரி 139/87. 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் 112 மில்லிமோல், அதாவது 2,576 மில்லிகிராம், உப்பாக 6.4 கிராம். நாங்கள் போட்ட கணக்குப்படி இன்னும் இறங்கியிருக்க வேண்டும். விசாரித்ததில், சிக்கன் சீக்கிரம் தீர்ந்துபோவதால் மூன்று மணிக்கு ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட். எடுத்த இடத்தில் என்ன வைத்தார் என்ற அதே கதைதான். ஆனால் இந்த முறை நான் கேட்டேன்.

மூன்றாவது மாத்திரை சேர்க்கப்படவில்லை. மருத்துவர் விரும்பும் 130/80 இன்னும் வரவில்லை என்பதால் மூன்று மாதம் தள்ளிப் பார்ப்பதாக எழுதினார். அழுத்தம் இறங்கியதற்கு உப்பு மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. எடை குறைந்தது, தினமும் அளந்ததில் மாத்திரை நேரமும் ஒழுங்குக்கு வந்தது, நடுவில் ஒரு வாரம் விடுப்பில் நன்றாகத் தூங்கினார். எல்லாம் சேர்ந்துதான். ஆனால் முதல் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தும் அசையாத எண், இந்த எட்டு வாரத்தில் ஒரு கிலோ மட்டும் குறைந்தபோது அசைந்தது.

ஏழாவது மாதம் ஒரு சறுக்கல். பணி நேரம் மாறியது, வீட்டில் சமைத்து எடுத்துப்போவது தளர்ந்தது, சராசரி 145-க்கு ஏறியது. கடையில் பொரிக்காமல் சுட்ட 'கிரில்டு' துண்டு வந்திருப்பதாகவும், எண்ணெயே இல்லாததால் அதை வாரம் மூன்று நாள் சாப்பிடுவதாகவும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே போனை எடுத்து அட்டவணையைத் திறந்து இடப்பக்கம் தள்ளினார். கொழுப்பு பாதிக்கும் கீழே, சோடியம் பொரித்த துண்டுக்குப் பக்கத்தில். அதே கரைசலில் ஊறி வந்த கோழி, அடுப்பு மட்டும்தான் வேறு. "இதையும் எடுத்துடணுமா மேடம்?" என்றார். வாரம் ஒரு இரவுக் கணக்கில் இதையும் சேர்த்துவிடுங்கள் சார் என்றேன்.

இனி மாற்றுவது

எங்கள் கேள்விப் படிவத்தில் "உப்பு குறைத்துவிட்டீர்களா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட, வீட்டு அடுப்பைப் பொறுத்தவரை. அதற்குப் பதிலாக, வெளியில் வாங்கும் உணவு வாரம் எத்தனை முறை, எத்தனை துண்டு, சாஸ் எத்தனை கப் என்று கேட்கிறேன். ரத்த அழுத்தத்துக்காக வருபவர் என்றால் கடையின் அட்டவணையில் சோடியம் நிரலை முதலிலும் கலோரியைப் பிறகும் பார்க்கிறேன். ஒருவரிடம் ஒன்றை எடுக்கச் சொன்னால், இரண்டு வாரத்துக்குள் போன் செய்து அந்த இடத்தில் என்ன வந்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு மாத்திரை எடுத்தும் அழுத்தம் இறங்காதவர்களுக்கு மூன்றாவதைச் சேர்க்கும் முன் 24 மணி நேரச் சிறுநீர் பார்ப்பதை எங்கள் மருத்துவர் இப்போது வழக்கமாக்கியிருக்கிறார். சேகரிக்கும் டப்பாவோடு ஒரு துணிப்பையும் கொடுக்கிறோம். அது இவர் சொன்ன யோசனை. கடைசியாக வந்தபோது அளவு 136/84. கிளம்பும்போது, பணி நேரம் மாறியதால் இப்போது எவ்வளவு வருகிறதென்று பார்க்கலாம் என்று இன்னொரு டப்பா கேட்டு வாங்கிப்போனார்.